பத்துத் துண்டு பிளவுஸ் துணி

டாக்டர் சொன்னவற்றில் ஒரே ஒரு வரியை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மற்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் என் கணவரிடம் ஒப்பித்தேன். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்த கட்டி புற்றுநோய் இல்லை, காசநோய். நுரையீரலில் கிடையாது, நெறிகட்டியில் மட்டும்தான், அதனால் யாருக்கும் தொற்றாது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும். தாராளமாக வேலைக்குப் போகலாம். "யூரின் ஆரஞ்சு கலர்ல போகுமாம், பயந்துடக் கூடாதாம்" என்பது வரைக்கும் சொன்னேன். புற்றுநோய் இல்லை என்றதும் அவருக்கு மற்றது எதுவும் காதில் ஏறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் விழுங்கிய வரி இது. "இதுல ஒரு மாத்திரை சில பேருக்குக் கண்ணை பாதிக்கும்மா. ரொம்ப ரேர்தான். ஆனா சிவப்பு, பச்சை எல்லாம் மங்கலா தெரியற மாதிரி இருந்தா அன்னைக்கே வந்துடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது." சொல்லிவிட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "கம்ப்யூட்டர்ல" என்றேன். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. நிறம் பார்த்துத்தான் எனக்குச் சோறு என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்த்தால் வேலையை விடச் சொல்வார்கள் என்று பயம். அதைவிட, வாய்விட்டுச் சொன்னால் அது நடந்தே தீரும் என்று ஒரு மூடப் பயம். படித்தவள்தான், என்ன செய்ய.

என் வேலை இதுதான். ஒரு நடிகையை ஷெட்டுக்குள் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். மலைப்பாதையை வேறொரு நாளில், வேறொரு கேமராவில் எடுத்திருப்பார்கள். பச்சையை நீக்கிவிட்டு அவளைக் கொண்டுபோய் மலைப்பாதையில் நிறுத்த வேண்டும். வெட்டி ஒட்டுவது பெரிய விஷயம் இல்லை. ஒட்டியபின் அவள் உண்மையிலேயே அங்கேதான் நிற்கிறாள் என்று பார்ப்பவரை நம்ப வைப்பதில்தான் உயிர் போகும். மலையில் சாயங்கால வெயில் இருக்கும், அவள் முகத்தில் ஷெட்டு விளக்கு இருக்கும். அங்கே நிழல் லேசாக நீலம் அடிக்கும், இவள் நிழல் கன்னங்கரேல் என்று இருக்கும். முன்னால் நிற்பவளின் இருட்டையும் வெளிச்சத்தையும் நிறத்தையும் பின்னால் இருக்கிற இடத்தோடு பொருத்தி முடிக்க ஒரு ஷாட்டுக்கு மூன்று நாள்கூட ஆகும்.

சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கி அலுத்துப்போய், "மேட்சிங் சென்டர்ல செய்வாங்களே, அதான்" என்று சொல்லிவிடுவேன். உடனே புரிந்துவிடும். புடவையைக் கொண்டுபோய்ப் போட்டால் கடைக்காரர் அடுக்கிலிருந்து பிளவுஸ் துணிகளை உருவி உருவிப் போடுவார். எது பொருந்துகிற மாதிரி இருந்தாலும் கடைக்குள் வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. புடவையையும் துணியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, தெரு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டச் சொல்வோம். தாம்பரம் மார்க்கெட் பக்கம் நான் வழக்கமாகப் போகிற கடையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. மற்றவர்கள் பத்துத் துணி பார்த்து எடுப்பதை நான் மூன்றாவதிலேயே எடுத்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பல்லாவரத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் நிறம் பார்க்கிற அறை முழுக்கச் சாம்பல் நிறம். சுவர், மேசை, தரை, திரைச்சீலை எல்லாம் சாம்பல். பளிச்சென்று எதையாவது உடுத்தி வந்தால் அதன் சாயல் மானிட்டரில் விழுந்து நிறத்தைக் கெடுக்கும் என்று துப்பட்டாவை லாக்கரில் வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் போய்விட்டு நேராக வருகிறவர்கள் பட்டுப்புடவைக்கு மேல் அலுவலகத்தின் சாம்பல் கோட்டை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். பார்க்கவே சிரிப்பாக இருக்கும். அந்த அறையில் அனுமதி பெற்ற ஒரே சிவப்பு, மூலையில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டர்தான்.

அந்த அறை கற்றுக்கொடுத்த புத்தி ஒன்று உண்டு. ஒரு நிறம் தப்பாகத் தெரிந்தால் முதலில் விளக்கைச் சந்தேகப்படுவோம். அப்புறம் மானிட்டரை. அப்புறம் படம் எடுத்தவரை. எங்கள் கண்ணைச் சந்தேகப்படுவது கிடையவே கிடையாது. கண் சோர்ந்துபோனால் இரண்டு நிமிடம் சாம்பல் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம், சரியாகிவிடும். பத்து வருடமாக அப்படித்தான்.

மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். குளியலறையில் ஒரு சிவப்பு பக்கெட். காலையில் குளிக்கப் போகும்போது முதலில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பேன், பிறகு இடது கண்ணை. இரண்டு கண்ணிலும் சிவப்பாக இருந்தால் அன்றைய பொழுது எனக்குக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்து வைக்கவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு, கண்ணைப் பொத்திக்கொண்டு, திருடி மாதிரி ஒரு பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். 

மூன்றாவது மாதம் பக்கெட் மங்கியது. எனக்குப் பதில் தயாராக இருந்தது. எங்கள் ஊரப்பாக்கத்துப் போர்வெல் தண்ணீரில் உப்புப் படியாத பக்கெட் எந்த வீட்டில் இருக்கிறது? புளி போட்டுத் தேய்த்தேன். உப்பு போயிற்று, சிவப்பு வரவில்லை. சரி, பழசாகிவிட்டது என்று ஸ்டேஷன் ரோட்டில் புதுசு ஒன்று வாங்கி வந்தேன். அதுவும் இரண்டே நாளில் மங்கிப்போய் இருந்தது. இப்போதெல்லாம் பிளாஸ்டிக்கே மட்டமாகத்தான் வருகிறது என்று அலுத்துக்கொண்டேன். சிறுநீரில் ஆரஞ்சு குறைந்தபோது உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டது போல என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் என் நாத்தனாரின் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. எனக்கு மெரூன் நிறத்தில் ஒரு புடவை இருந்தது, பிளவுஸ் பழசாகி இறுகிப்போயிருந்தது. வழக்கமான கடைக்குப் போனேன். கடைக்காரர் உருவிப் போட்டதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காலை பதினொரு மணி, நல்ல வெயில். புடவை முந்தானையின் மேல் துணியை வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான்தான் மேதையாயிற்றே. "வெட்டுங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

தைத்துப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது நாத்தனார் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, கான்ட்ராஸ்ட் பிளவுஸா? நீங்க இதெல்லாம் போடவே மாட்டீங்களே. மெரூனுக்கு பிரவுன் நல்லாத்தான் இருக்கு."

குனிந்து பார்த்தேன். பிளவுஸின் கைக்கும் புடவைக்கும் நடுவில் எந்த வித்தியாசமும் இல்லை. ஒரே துணி. "சும்மா ஒரு சேஞ்சுக்கு" என்று சிரித்தேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது. விருந்தில் பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கடைக்குள் மட்டமான விளக்கு, அதனால்தான் ஏமாந்துவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆனால் நான் வாசலுக்கு வந்துதானே பார்த்தேன். சூரியனைக் குறை சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது என்று அந்த அம்மா சொன்னது காதில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. நான் போகவில்லை. போனால் உறுதியாகிவிடும். போகாத வரைக்கும் அது பிளவுஸ் தப்பு மட்டும்தான். இப்படிச் செய்கிறவர்களைப் பற்றி நான் எத்தனை தடவை இளக்காரமாகப் பேசியிருக்கிறேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்ததும் மானிட்டர் செத்துப்போய் இருப்பது போலத் தெரிந்தது. முகங்களில் ரத்தமே இல்லை. மானிட்டருக்கும் வயதாகும், நிறம் தளரும், எங்கள் தொழிலில் இது சகஜம். அதைச் சரிபார்க்க ஒரு கருவியோடு மாதம் ஒருமுறை ஆள் வருவார். அவர் வரும்வரை பொறுக்க முடியாமல், அடியில் இருக்கிற பொத்தானை அழுத்தி நானே சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினேன். முகங்களில் உயிர் வந்தது. அப்பாடா என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி வெளுத்தது, மறுபடி ஏற்றினேன். ஆள் வரும் நாளில் பழைய இடத்துக்கே இறக்கி வைத்துவிட்டு, அவர் போனதும் மறுபடி ஏற்றிக்கொண்டேன்.  மானிட்டர்தான் கெட்டுப்போனது என்று நிஜமாகவே நம்பியிருந்தால், அவர் வரும் நாளில் எதற்கு இறக்கி வைத்தேன்?

வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் எந்தப் புள்ளியில் அம்பை வைத்தாலும் அங்கே சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று கீழே எண்கள் வரும். முன்னால் ஒரு சாம்பல் கம்பம், பின்னால் ஒரு தார்ச்சாலை என்றால் எண்ணைப் பார்த்தே பொருத்திவிடலாம். நான் அப்படியே மூன்று வாரம் ஓட்டினேன். ஷாட்டுகள் ஓகே ஆகின. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண் தெரியாமலே நிறம் பார்க்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

ஆனால் முகத்துக்கு எண் கிடையாது. மாலை வெயிலில் ஒரு பெண்ணின் கன்னம் எப்படி இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். நான் முடித்து அனுப்பிய அந்த மலைப்பாதை ஷாட் டைரக்டர் தரப்பிலிருந்து திரும்பி வந்தது. "முகம் பச்சை அடிக்கிறது" என்று குறிப்பு. பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. லேசாகத் தட்டிக்கொட்டி மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது. "இன்னும் மோசம்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்கள் எந்த டப்பா மானிட்டரில் பார்க்கிறார்களோ என்று சத்தமாகவே சொன்னேன்.

பக்கத்து இருக்கையில் என்னைவிட ஐந்து வயது இளையவன் ஒருவன், அஸ்தினாபுரத்துக்காரன். எனக்கு நல்ல சிநேகம். "இன்னாக்கா பேஜாரு, தள்ளு நான் பாக்குறேன்" என்று என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இன்னாக்கா இது? மானிட்டர் இப்டி செவந்து போய் கீது? உனக்குக் கண்ணு எரியல?"

நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"யாரோ நோண்டி வுட்டுக்கீறாங்கக்கா. செவப்பு எக்கச்சக்கத்துக்கு ஏறிக்கீது பாரு." பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். "ஆங். இப்ப கரெக்டா கீது. மொகம் பச்சை அடிக்குது பாரு, அவங்க சொன்னது சரிதான்."

என் கண்ணுக்கு அந்தத் திரையில் அழுக்குத் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி ஒரு படம் இருந்தது. பச்சை தெரியவில்லை. சிவப்பு தெரியவில்லை. "ஆமாம், தெரியுது" என்றேன். திரும்பி மூலையில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரைப் பார்த்தேன். அது கறுத்த காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.  யாரோ நோண்டிவிட்டார்கள் என்றானே, அந்த யாரோ நான்தான். உலகத்தில் எந்தப் பைத்தியக்காரியாவது தன் கண் கெட்டதற்கு மானிட்டரை மாற்றுவாளா? என் தொழிலில் இருக்கிறவளால் மட்டும்தான் அது முடியும்.

பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பல்லாவரம் ஸ்டேஷனுக்கு நடந்தேன். நடைமேடையில் நின்று என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

"டாக்டர்கிட்ட வந்துடுங்க. நான் நேரா அங்க வரேன்."

"என்னாச்சும்மா? கட்டி திரும்ப வந்துடுச்சா?"

"இல்ல. கண்ணு."

அவர் ஏதோ கேட்டார், வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. தூரத்தில் சிக்னல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது சிவப்பா பச்சையா என்று வெறித்துப் பார்த்தேன். மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்பது மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவு பயத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை. புற்றுநோயாக இருக்குமோ என்று காத்திருந்த வாரத்தில்கூட இல்லை.

டாக்டர் என் பேச்சை முழுக்கக் கேட்டார். "எத்தனை நாளா?" என்றார். மூன்று வாரம் என்றேன். பக்கெட்டையும் சேர்த்தால் அதற்கு மேல். கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். "நான் முதல் நாளே சொன்னேன் இல்லையா? நிறம் பாக்குற வேலைன்னும் சொல்லல. படிச்சவங்க நீங்க." அவர் கோபப்பட்டது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. பக்கத்திலேயே இருந்த கண் டாக்டரிடம் அனுப்பினார். புள்ளி புள்ளியாக நிறங்கள் அச்சிட்ட ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். முதல் பக்கத்தைத் தவிர மற்றவற்றில் எனக்கு வெறும் புள்ளிதான் தெரிந்தது. என் கணவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எண்கள் தெரிந்திருக்கும். 

அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தினார்கள். மற்றவற்றை இன்னும் கூடுதல் நாள் சாப்பிட வேண்டும். "நிறுத்திட்டா பொதுவா திரும்பி வரும். எவ்ளோ வரும், எப்ப வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது" என்றார் கண் டாக்டர். வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க நின்றபோதுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வேலைய விடச் சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு ரோட்டைக் கடக்கும்வரை என் முழங்கையை விடவில்லை.

அலுவலகத்தில் கண்ணுக்குச் சோர்வு, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று எங்கள் டீம் லீடிடம் பாதி உண்மை சொன்னேன். உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டும் வேலைக்கு என்னை மாற்றினார். புதிதாகச் சேர்கிறவர்கள் செய்கிற வேலை அது, நிறம் தேவையில்லை. "இந்தப் படம் முடியற வரைக்கும்தான். அடுத்த படத்துக்கு கலர் பாக்க ஆள் வேணும், நீங்க இல்லன்னா நான் வேற ஆள் எடுக்கணும்" என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. அஸ்தினாபுரத்துக்காரன் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான், எதுவும் கேட்கவில்லை. அதன்பின் தினமும் டீ குடிக்கப் போகும்போது என்னை இழுத்துக்கொண்டு போனான்.

கண் டாக்டர் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் சோதித்துக் குறித்து வரச் சொல்லியிருந்தார். அந்தப் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார். மேட்சிங் சென்டருக்குப் போய்ப் பத்துத் துண்டு பிளவுஸ் துணி வாங்கி வந்தார். மெரூன், பிரவுன், அரக்கு, பாட்டில் கிரீன், பாசிப்பச்சை, செங்கல் நிறம் என்று ஒன்றுக்கொன்று குழப்புகிற நிறங்களாகப் பார்த்து எடுத்திருந்தார். பெயரெல்லாம் கடைக்காரரைக் கேட்டு எழுதி வந்திருந்தார். ஒவ்வொன்றையும் அட்டையில் ஒட்டி, பின்னால் எண் போட்டார். காலை ஏழு மணிக்குப் பால்கனி வாசற்படியில் என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டுவார். நான் பெயர் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வார். வாத்தியார் புத்தி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா.

"எத்தனை சரி?" என்று முதல் நாள் கேட்டேன்.

"நல்லாத்தான் சொல்ற" என்றார்.

"எல்லாமா?"

"பரவால்லம்மா. டெய்லி பண்ணுவோம்."

அவர் குளிக்கப் போனபின் நோட்டைத் திறந்து பார்த்தேன். தேதி போட்டு, நான் சொன்ன பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார். டிக்கும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை. ஒரு கணக்கு வாத்தியார் தப்பைக் கண்டால் சும்மா விடமாட்டார், பெருக்கல் குறி போடாமல் அவர் கை நிற்காது. ஆகவே தப்பே இல்லை. அடுத்த நாளும் பார்த்தேன், அடுத்த வாரமும் பார்த்தேன். ஒரே மாதிரி கறுத்த கையெழுத்து, பக்கம் பக்கமாகச் சுத்தமாக இருந்தது.

இது எனக்கு நிம்மதி தந்திருக்க வேண்டும். மாறாக வேறொரு பயத்தைக் கொண்டுவந்தது. பத்துக்குப் பத்து வாங்குகிறேன், ஆனால் பக்கெட் இன்னும் காப்பிப்பொடியாகத்தான் தெரிகிறது. தக்காளியைத் தொட்டு அழுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறேன். துணியில் சரியாகத் தெரிகிறது, மற்றதில் தெரியவில்லை என்றால் கோளாறு கண்ணில் இல்லையோ, மண்டைக்குள்தானோ? இதை யாரிடம் கேட்பது? மறுபடி ஒரு வரியை விழுங்க ஆரம்பித்தேன். என் கழுத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கம் போய், கண்ணைத் தேய்க்கும் பழக்கம் வந்தது.

அடுத்த முறை போனபோது என் கணவர் நோட்டைக் கண் டாக்டரிடம் நீட்டினார். அவர் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். என்னைப் பார்க்கவில்லை, என் கணவரைத்தான் பார்த்தார். "கன்டினியூ பண்ணுங்க. அவசரப்படக் கூடாது" என்றார். எல்லாம் சரியாக இருக்கும்போது எதற்கு அவசரப்படக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

படம் முடியும் சமயம் வந்தது. லீட் கூப்பிட்டு, "எப்படி, கலருக்குத் திரும்பலாமா?" என்று கேட்டார். சுத்தமான அந்தப் பக்கங்களை நினைத்துக்கொண்டேன். "வரேன்" என்றேன். திங்கட்கிழமை முதல் ஒரு ஷாட் என் பெயரில் போட்டார். வீட்டில் சொன்னபோது என் கணவர் முகம் சுருங்கியது. "இன்னும் ஒரு மாசம் போகட்டுமே" என்றார். "தினம் எல்லாம் சரியாத்தானே சொல்றேன், அப்புறம் என்ன?" என்று எரிந்து விழுந்தேன். அவர் நோட்டை எடுத்து அலமாரியில் வைத்தார்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை. பரீட்சை முடிந்தது. அவர் கடைசி வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்குகிற வாடை வந்தது. நோட்டை வாசற்படியிலேயே போட்டுவிட்டு ஓடினார். திறந்த பக்கம் என்னைப் பார்த்துக்கிடந்தது. பத்து வரி. அதில் இரண்டு வரி மற்றவற்றைப் போல இல்லை.

வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய புத்தி எங்கே போகும். நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து பால்கனியின் ஓரத்துக்குப் போனேன். நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த இரண்டு வரியும் சிவப்பு.

வலது கண்ணைப் பொத்தினேன். சிவப்பு. இடது கண்ணைப் பொத்தினேன். சிவப்புதான், கொஞ்சம் மங்கல், ஆனால் சிவப்பு.

பக்கங்களைப் பின்னால் தள்ளினேன். போன வாரத்துப் பக்கத்தில் நான்கு வரி சிவப்பு. அதற்கு முந்தைய வாரம் ஐந்து. முதல் நாள் பக்கத்துக்கு வந்தேன். நான் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று மூடி வைத்த அதே பக்கம். இரண்டே இரண்டு வரியைத் தவிர பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. பெருக்கல் குறி போட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று, சரியாகச் சொன்னதைக் கறுப்பிலும் தப்பாகச் சொன்னதைச் சிவப்பிலும் எழுதியிருந்தார். என்னால் பார்க்க முடியாத ஒரே மையில், என் கண்ணுக்கு எதிரிலேயே, இத்தனை நாளாக.

முதலில் வந்தது பயம்தான். இவ்வளவு தப்பா? அந்தக் கண்ணை வைத்துக்கொண்டா நான் வரேன் என்று சொன்னேன்? அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பால் படிந்த கரித்துணியோடு வந்து நின்றார்.

"சிவப்பு மையில எழுதியிருக்கீங்க" என்றேன்.

 கரித்துணியைக் கீழே போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.  "எது எது?" என்று மட்டும் கேட்டார்.

முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்தேன். இது சிவப்பு, இது சிவப்பு, இது கறுப்பு, இது சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். ஒவ்வொரு வரியையும் சொன்னதும் நோட்டிலிருந்து நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விரலை நகர்த்தினேன். பொய் சொல்கிறாரா என்று தெரிய வேண்டும் எனக்கு. கண்ணீர் வழிய வழிய அவர் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அன்றைக்கு நான் தப்பாகச் சொன்ன இரண்டு வரியின் மேல் விரலை வைத்தேன். மெரூனைப் பிரவுன் என்றும் பிரவுனை மெரூன் என்றும் சொல்லியிருந்தேன்.

"இதுவும் சிவப்பு" என்றேன்.

"சரி" என்றார்.

லீடுக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வேண்டாம், எனக்கு இன்னும் இரண்டு நிறம் பாக்கி இருக்கிறது என்று சொன்னேன்.